அம்பத்தூர் பட்டறைக்கு எந்த அனலிடிக்ஸ்: கூகுளா, மடோமோவா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தலைமுறைக்கு முன்பு ஆர்டர் எப்படி வந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. எண்ணூரில் அசோக் லேலண்ட். இவற்றில் ஒன்றின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டில் ஒருவரைத் தெரிந்திருந்தால் லேத் ஓடும். எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கத்தில் நடத்தும் ஆக்மி கண்காட்சியில் ஸ்டால் போட்டால் இன்னும் நாலு பேர் விசிட்டிங் கார்டு வாங்கிப் போவார்கள். இந்த வழிகள் இன்றும் அடைபடவில்லை. ஆனால் கார்டு வாங்கிப் போனவர் போன் செய்வதற்கு முன்னால் கம்பெனி பெயரை ஒரு தடவை கூகுளில் போட்டுப் பார்க்கிறார். அதற்காகவே ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் சிறு யூனிட்டும் டொமைன் வாங்கிப் பத்துப் பக்கத்தில் ஒரு சைட் வைத்துக்கொள்கிறது. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகத் தந்துவந்த ஒற்றைப் பக்க சைட்டுகளை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதை நம்பியிருந்த கடைக்காரர்களும் சொந்த சைட் தேட வேண்டியதாயிற்று.

சைட் போட்டு மூன்று மாதம் ஆனதும் முதலாளி கேட்பது ஒன்றுதான்: "யாராவது பார்க்கிறாங்களா?"

டிசைன் செய்து கொடுத்தவர் உடனே ஹோஸ்டிங்கின் சி-பேனலைத் திறந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் காட்டும் பெரிய எண்ணைப் படித்துக் காட்டுவார். பல ஆயிரம் ஹிட்ஸ்! முதலாளிக்கு மனம் குளிர்ந்துவிடும். ஹிட் என்றால் ஆள் என்று நினைப்பதால் வரும் குளிர்ச்சி அது. ஒரு பக்கத்தில் 30 படம் இருந்தால், ஒருவர் அதை ஒரே ஒரு முறை திறந்தாலே குறைந்தது 31 ஹிட் விழும். சர்வர் லாகைப் படிக்கும் அந்தப் பழைய மென்பொருள் தனக்குத் தெரிந்த தேடல் ரோபோக்களைத் தனியே ஒதுக்கிவிடும். மனிதர் வேஷம் போட்டு வரும் ரோபோவிடம் ஏமாந்துபோகும். அதனால் ஹிட் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சைட்டுக்குள்ளேயே ஒரு சிறு நிரல்துண்டைப் பதித்து வருகிறவர்களை எண்ணும் மென்பொருள்களுக்கு வருவோம்.

இந்த வகையிலும் கடை பெரிது. கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் நம்ம ஊர் ஸோஹோவின் பேஜ்சென்ஸ் இருக்கிறது. எஸ்டோனியாவிலிருந்து வரும் பிளாசிபிள் இருக்கிறது. வருகிறவர் விரலை எங்கே வைத்தார், எதுவரை நகர்த்தினார் என்று படம்பிடித்துக் காட்டும் மைக்ரோசாஃப்டின் கிளாரிட்டி இலவசமாகவே கிடைக்கிறது. இங்கே கூகுள் அனலிடிக்ஸையும் மடோமோவையும் மட்டும் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இரண்டையும் காசு கொடுக்காமல் பெறலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. சிறு யூனிட் நடத்துகிறவர் முதலில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் அதுதான் என்பது என் எண்ணம்.

எஸ்டேட்டில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டில் செக்யூரிட்டி ஒரு ரிஜிஸ்டரை நீட்டுவார். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம். அந்த ரிஜிஸ்டரை உங்கள் கேட்டிலேயே, உங்கள் பூட்டுக்குள் வைத்துக்கொள்வது மடோமோ. வெளியே ஒரு ஏஜென்சி சம்பளம் கேட்காமல் ஆள் போட்டு எழுதி, ரிஜிஸ்டரைத் தன் ஆபீசில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கிறபோது காட்டுவது கூகுள். அந்த ஏஜென்சி ஊரிலுள்ள மற்ற கேட்டுகளிலும் எழுதுகிறது. விளம்பரம் விற்பது அதன் முக்கியத் தொழில்.

இரண்டின் பிறப்பிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. கூகுள் 2005 ஏப்ரலில் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் சரக்கை அதே நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் என்று இலவசமாகத் திறந்துவிட்டது. மடோமோவை 2007-ல் பிவிக் என்ற பெயரில் மத்தியூ ஓப்ரி தொடங்கினார். 2018 ஜனவரியில் இன்றைய பெயர் வந்தது. அது திறந்த மூல மென்பொருள். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஓடுகிற எந்த ஹோஸ்டிங்கிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆணையம் தன் யூரோப்பா தளங்களின் வருகையை எண்ணுவதும் மடோமோவை வைத்துத்தான்.

ரிஜிஸ்டர் வெளியாள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். யுனிவர்சல் அனலிடிக்ஸ் என்ற தன் பழைய பதிப்பைக் கூகுள் 2023 ஜூலை 1 அன்று நிறுத்தியது. அன்றோடு புதுப் பதிவு விழவில்லை. ஓராண்டு கழித்து, 2024 ஜூலையிலிருந்து, பழைய பதிவுகளையும் பார்க்க முடியாமல் போயிற்று. அறிவிப்பு முன்கூட்டியே வந்தது, உண்மைதான். ஆனால் அது வந்தது ஆங்கில மின்னஞ்சலில்; பெரும்பாலும் சைட் போட்டுக் கொடுத்த பையனின் ஜிமெயிலுக்கு. அவன் வேறு வேலைக்குப் போயிருப்பான். பத்தாண்டுக் கணக்கைப் பறிகொடுத்த முதலாளிக்குப் பறிகொடுத்ததே தெரிந்திருக்காது.

இப்போதைய பதிப்பான ஜிஏ4-லும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தனித்தனி வருகையாளர் அளவிலான பதிவுகளை அது முதலில் 2 மாதம் மட்டுமே வைத்திருக்கும்படி அமைந்திருக்கும். நீங்கள் போய் மாற்றினால் 14 மாதம் வரை நீட்டலாம். மொத்த எண்ணிக்கை காட்டும் வழக்கமான அறிக்கைகள் அதற்குப் பிறகும் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் போன வருடம் ஆயுத பூஜை சமயத்தில் வந்தவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்று தோண்டிப் பார்க்க வேண்டும் என்றால் இந்த எல்லை குறுக்கே நிற்கும். மடோமோவில் நீங்களாக அழிக்கும்வரை எல்லாம் இருக்கும். இடம் அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

இனி அன்றாட உபயோகத்துக்கு வருவோம். ஒரு வயர்கட், மூன்று சிஎன்சி, இரண்டு மில்லிங் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அதன் சைட்டுக்கு ஒரு நாளைக்கு 15 பேர் வந்தால் நல்ல நாள். இந்த அளவுக்கு ஜிஏ4 பொருந்தாத சட்டை. அது லட்சக்கணக்கில் ஆட்கள் வரும் தளங்களை மனத்தில் வைத்துத் தைத்தது: ஈவென்ட், எங்கேஜ்மென்ட், கோஹார்ட் என்று திரை முழுக்கச் சொற்கள். ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால், யார் எவர் என்று ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில அறிக்கைகளில் வரிகளையே மறைத்துவிடுகிறது. மடோமோவின் வருகைப் பதிவுப் பக்கமோ ஒவ்வொரு வருகையையும் தனித்தனியாக, வந்த வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது. காலை 11.10-க்கு ஒருவர் வந்தார், கூகுள் தேடலிலிருந்து. வயர்கட் பக்கம், பிறகு மெஷின் பட்டியல், பிறகு பிடிஎஃப் இறக்கினார். மறுநாள் மீண்டும் வந்து முகவரிப் பக்கம் பார்த்தார். ஒரு நாளைக்கு 15 வரி. டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். பட்டறை முதலாளிக்குப் புரியும் மொழி அதுதான். ஜிஏ4-லும் தனி ஆளின் தடத்தைப் பார்க்க வழி உண்டு. எக்ஸ்புளோர் பகுதிக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். பட்டறை வேலைக்கு நடுவே யாரும் தேடி எடுப்பதில்லை.

சின்ன எண்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. முதலாளியே தன் சைட்டை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்ப்பார், வீட்டில் பிள்ளைகள் திறப்பார்கள், ஆடிட்டருக்குக் காட்டுவார். 15-ல் ஐந்து நம்மவர்களாகவே இருந்தால் அந்தக் கணக்கால் என்ன பயன்? ஜிஏ4-ல் நம் ஐபி முகவரியைக் கொடுத்து நம்மை விலக்கச் சொல்ல வேண்டும். வீட்டு பிராட்பேண்டுக்கும் மொபைலுக்கும் அந்த முகவரி அடிக்கடி மாறும். மடோமோவில் நம் பிரவுசரில் ஒரு விலக்குக் குக்கீ வைத்துவிட்டால் போதும். அந்தப் பிரவுசர் எங்கிருந்து திறந்தாலும் எண்ணாது. கேட்பதற்கு அற்ப விஷயம். தினம் 15 பேர் வரும் சைட்டில் மொத்தக் கணக்கின் நம்பகத்தன்மையே இதில்தான் இருக்கிறது.

மடோமோ எல்லா இடத்திலும் ஜெயிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் உங்கள் சைட்டில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, ஐந்து நிமிடம் நிதானமாகப் படித்துவிட்டு, போனை எடுத்து உங்களை அழைக்கிறார். உங்களுக்கு அவர்தான் தங்கமான வாடிக்கையாளர். மடோமோவை அப்படியே போட்டு வைத்தால் அந்த வருகையை பவுன்ஸ் என்று எழுதும். செலவிட்ட நேரம் பூஜ்யம் என்று காட்டும். இதயத்துடிப்பு டைமர் என்ற வசதியை நாமாக நிரலில் சேர்த்தால்தான் நேரக் கணக்காவது சரியாகும். ஜிஏ4 இதில் கொஞ்சம் புத்திசாலி. 10 விநாடிக்கு மேல் இருந்தாலே ஈடுபாடுள்ள வருகை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

அந்தப் போன் கால்? அதை இரண்டுமே தானாக எண்ணாது. சைட்டில் இருக்கும் வாட்ஸ்அப் இணைப்பு வெளித்தளத்துக்குப் போவதால் இரண்டும் அதைத் தாமாகப் பதிவு செய்துவிடும். பிடிஎஃப் இறக்கினாலும் பதிவாகும். தொலைபேசி எண்ணைத் தட்டினால் மட்டும் இரண்டிலும் ஒன்றும் விழாது. டேக் மேனேஜர் மூலம் நாமே ஒரு விதி எழுத வேண்டும். கூகுளுக்கும் டேக் மேனேஜர் இருக்கிறது, மடோமோவுக்கும் இருக்கிறது, இரண்டும் இலவசம். பட்டறைத் தொழிலில் வியாபாரம் போனில்தான் தொடங்குகிறது. அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும், போட்டுக் கொடுப்பவரிடம் முதல் நாளே கேட்க வேண்டியது இதைத்தான்: நம்பரைத் தட்டினால் பதிவாகிறதா? அவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஊர் விவரத்தில் இரண்டுமே சொதப்பும். மொபைல் நெட்வொர்க்கின் ஐபி முகவரியை வைத்து ஊகிப்பதால், ஆவடி மார்க்கெட்டில் நின்றுகொண்டு பார்த்தவர் பெங்களூர்க்காரராகத் தெரியலாம். 2025 கடைசியில் உலகம் முழுக்கப் பலருடைய ஜிஏ4 கணக்குகளில் சீனாவின் லான்ஜோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகை பதிவாயிற்று, எல்லாம் ரோபோ. "வெளிநாட்டு என்கொயரி வரப்போகிறது" என்று யாராவது சந்தோஷப்பட்டிருந்தால் பாவம்.

எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதையும் இரண்டும் சொல்லாது. 2011-ல் தொடங்கி 2013-க்குள் கூகுள் அந்தத் தகவலை அனலிடிக்ஸ் மென்பொருள்களிடமிருந்து அநேகமாக முழுவதும் மறைத்துவிட்டது. அது வேண்டுமானால் சர்ச் கன்சோல் என்ற தனி இலவசச் சேவையில் 16 மாதத்துக்குக் கிடைக்கும். ஜிஏ4-ஐ அதோடு இலவசமாகக் கோத்துக்கொள்ளலாம். மடோமோவை நம் சர்வரில் வைத்திருப்பவர்கள் அதே வசதிக்குக் கட்டணச் செருகுநிரல் வாங்க வேண்டும். நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சர்ச் கன்சோலைத் தனியாகத் திறந்து பார்த்தாலே போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் விளம்பரம் செய்யாத பட்டறைக்கு. திருமுல்லைவாயலில் பெண்களுக்கான சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே மசாலாப் பொடி செய்யும் ஒரு யூனிட் ஆன்லைனில் நேரடியாக விற்கிறது, கூகுளில் மாதாமாதம் விளம்பரத்துக்குப் பணம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கதை தலைகீழ். எந்த விளம்பரத்தைத் தட்டி வந்தவர் சாம்பார் பொடி வாங்கினார், எதைத் தட்டி வந்தவர் பார்த்துவிட்டுப் போனார் என்ற தகவல் விளம்பரக் கணக்குக்குத் திரும்பிப் போனால்தான் அடுத்த மாத விளம்பரப் பணம் சரியான இடத்தில் விழும். ஜிஏ4-லிருந்து கூகுள் ஆட்ஸுக்கு இந்தக் கணக்கு சில சொடுக்குகளில் போய்விடும். கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மறுபடி விளம்பரம் காட்டவும் வழி உண்டு. மடோமோவை வைத்துக்கொண்டு இதைச் செய்யப் பார்ப்பது வீண் உழைப்பு. விளம்பரத்துக்குக் கூகுளிடம் பணம் கொடுத்துவிட்டு, கணக்கை மட்டும் கூகுளுக்குக் கொடுக்க மாட்டேன் என்பதில் பெரிய அர்த்தமும் இல்லை.

செலவைப் பார்ப்போம். கூகுளுக்குக் காசு இல்லை. மடோமோ மென்பொருளுக்கும் காசு இல்லை. அதை வைக்கும் இடத்துக்கு உண்டு. தினம் பதினைந்து இருபது பேர் வரும் சைட் என்றால் ஏற்கெனவே வாங்கியிருக்கும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கே தாங்கும். பல ஹோஸ்டிங் கம்பெனிகளின் சி-பேனலில் சாஃப்டாகுலஸ் வழியாக ஒரே சொடுக்கில் ஏற்றிவிடலாம். ஹோஸ்டிங் பில்லில் வரும் 18% ஜிஎஸ்டிக்குப் பதிவு பெற்ற யூனிட்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஆடிட்டருக்கு நினைவூட்டுங்கள். ஹீட்மேப் போன்ற மேல்வசதிகளுக்கு மடோமோ தனியாகக் காசு கேட்கும். பட்டறைக்கு அவை வேண்டாம்.

உண்மையான செலவு பராமரிப்பில் இருக்கிறது. மடோமோ உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஏற்ற வேண்டும். ஹோஸ்டிங்காரர் பிஎச்பி பதிப்பை மாற்றினால் ஒரு நாள் அது திறக்காமல் நிற்கும். அப்போது யாரைக் கூப்பிடுவீர்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் போன் நம்பரும் இல்லாதவர்கள் மடோமோ பக்கம் போகவே கூடாது. இரண்டு வருடம் புதுப்பிக்காமல் கிடக்கும் மடோமோ, திருடனுக்குத் திறந்து வைத்த பின்வாசல். ஜிஏ4-ஐ ஒரு தடவை சரியாகப் போட்டுவிட்டு மறந்துவிட்டால்கூட அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். தொடங்கும்போது நேர மண்டலத்தை இந்தியா என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நம் பகல் அதற்கு இரவாகிவிடும்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. "எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்" படிவத்தில் பெயரும் மொபைல் எண்ணும் வாங்கும் சின்ன யூனிட்டுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ பாகங்கள் அனுப்பும் யூனிட்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது. 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும், அடுத்த மாதமே பிரான்சின் ஆணையமும், கூகுள் அனலிடிக்ஸ் வழியாக வருகையாளர் விவரம் அமெரிக்காவுக்குப் போவது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லின. 2023 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் புதிய ஏற்பாட்டுக்கு வந்த பிறகு அந்த நெருக்கடி தணிந்தது. மறுபடி எழாது என்று யார் சொல்ல முடியும்? மடோமோவைக் குக்கீ இல்லாமலும் ஓட்டலாம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கையாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்லச் சுலபம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அம்பத்தூரில் இப்போது பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் எழுந்து நிற்கின்றன. என்டிடி 2023-ல் திறந்த வளாகம் மட்டும் ஆறு ஏக்கர். பக்கத்துத் தெரு லேத் பட்டறையின் சைட்டோ, மலிவாகக் கிடைத்தது என்று அமெரிக்க ஹோஸ்டிங்கில் கிடக்கும். மடோமோ போட முடிவு செய்தால், சைட்டையும் சேர்த்து இந்திய சர்வருக்கு மாற்றிவிடுவது நல்லது. பக்கமும் கொஞ்சம் வேகமாகத் திறக்கும்.

இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பார்க்கலாம். எண்கள் ஒத்துப்போகாது. இரவு 12 மணியைத் தாண்டினால் மடோமோ புது வருகை என்று எண்ணும், ஜிஏ4 அப்படி எண்ணாது. விளம்பரத் தடுப்பான் போட்டவர்களை எந்த மென்பொருள் எவ்வளவு தவறவிடுகிறது என்பதும் வேறுபடும். எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைத் தவிர வேறு பலன் இல்லை. மாதம் மூன்று என்கொயரி நாலாக உயர்ந்ததை "33 சதவீத வளர்ச்சி" என்று கிராஃப் போட்டுக் காட்டுகிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். இவ்வளவு சிறிய எண்களுக்குச் சதவீதம் போடுவது கண்கட்டு வித்தை.

என் தீர்ப்பு இது. அம்பத்தூர், காக்களூர், திருமழிசை எஸ்டேட்டுகளில் ஜாப் ஒர்க் செய்யும் யூனிட், கூகுளில் விளம்பரம் செய்யவில்லை, ஹோஸ்டிங்கைக் கவனிக்க நம்பகமான ஆள் இருக்கிறார் என்றால் மடோமோ. பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ ஆவடியிலோ கடை வைத்து ஆன்லைனிலும் விற்று, விளம்பரத்துக்கும் செலவழிப்பவர் என்றால் ஜிஏ4, மறுபேச்சு வேண்டாம். பட்டறைதான், ஆனால் சர்வரைக் கவனிக்க ஆளில்லை என்றாலும் ஜிஏ4-தான்; கணக்கை முதலாளியின் சொந்த ஜிமெயிலில் திறந்து, டிசைனருக்கு அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும்.

எதைப் போட்டாலும், மார்ச் 31 அன்று வரவு செலவு முடிக்கும்போது அந்த வருடத்து வருகை அறிக்கையையும் எக்செல்லில் இறக்கி, பேலன்ஸ் ஷீட் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஆபீசில் போன் எடுப்பவரிடமும் சொல்லிவையுங்கள்: புது ஆள் யார் கூப்பிட்டாலும், "எங்களை எப்படிங்க தெரியும்?" என்று கேட்டு, சொல்கிற பதிலை என்கொயரி நோட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடட்டும்.